மாந்தை மண்ணைக் கிளறாதீர்!

உலோகங்காட்டும் கருவியொன்றைக் கையிலேந்தி, இரவோடிரவாகப் பழைய மேடுகளைக் கிளறும் புதையற் பித்தர் கூட்டம் இந்நாட்டில் மலிந்துவிட்டது. அகப்பட்டோர் பற்றிய செய்திகளை நாளேடுகளில் அடிக்கடி காண்கின்றோம். குளக்கட்டோ, கோட்டையடியோ, ஊர்ப் பூங்காவோ, அவர்களுக்கு எல்லாம் ஒன்றே. “பொதுநிலந்தானே, யார் கேட்பது?” என்பது அவர்தம் வாதம். நாம் கேட்கின்றோம்!

பொதுநிலம் என்பது கேட்பாரற்ற நிலமன்று. எல்லோரும் கேட்கும் உரிமையுள்ள நிலம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தெளிவாகவே கூறுகின்றது: தொல்பொருள் தேடி அகழ்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், சொந்தக் காணியானாலும் வேண்டும்.

கருவி அறிவதுதான் என்ன? உலோகத்தை மட்டுமே அது அறியும். திருக்கேதீச்சரத்தை அடுத்த மாந்தையில் 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் தலைமையில் நடந்த அகழாய்வு, போரினால் தடைப்பட்டது. 2009, 2010ஆம் ஆண்டுகளில் மீண்டும் அகழ்ந்தபோது மிளகும், கருகிய ஒரு கராம்பும் கிடைத்தன. மலுக்குத் தீவுகளில் விளைந்த அக்கராம்பு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது. மாதோட்டத் துறைமுகம் கீழ்த்திசைக் கடலோடு கொண்ட உறவுக்கு அது சான்று. கள்ளத்தனமாகத் தோண்டுபவன் அதைக் குப்பையென வீசியிருப்பான். கட்டுக்கரைக் குளப் பகுதியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த சுடுமண் உருவங்களுக்கும் அதே கதிதான் நேர்ந்திருக்கும். காசே கிடைத்தாலும், எந்த மண்ணடுக்கில், எந்த ஓட்டோடு கிடந்தது என்பது தெரியாவிடில் அது வெறுஞ் செம்பு.

எலும்பையும் அக்கருவி அறியாது. திருக்கேதீச்சரத்தில் 2013 டிசம்பரில் நீர்க்குழாய்க்கு வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. 2018இல் மன்னார் சதோச வளவில் முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் நீதிமன்றக் கண்காணிப்பில் எடுக்கப்பட்டன. அவற்றுட் சிலவற்றின் காலம் பல நூற்றாண்டுகள் முற்பட்டதென 2019இல் வந்த கரிமப் பரிசோதனை கூறியது. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் அதனை ஏற்கவில்லை. இத்தகைய வழக்கில் எலும்பு கிடந்த இடமும் அடுக்குமே உயிர்நாடி. அங்கே களவு மண்வெட்டி விழுமாயின் சாட்சியைக் கொன்றதற்கு ஒப்பாகும்.

“தொல்பொருட் பெயரால் நம் நிலத்தைப் பறிப்போருக்கு நாம் ஏன் காவல் நிற்கவேண்டும்?” என்பாருமுளர். 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கென அமைத்த சனாதிபதி செயலணியில், அமைத்தபோது ஒரு தமிழருக்கேனும் இடமளிக்கப்பட்டதா? இல்லை. அவ்வநீதியை நாம் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டோம். ஆயினும் ஒன்று கேட்கின்றோம்: காணி வழக்கில் எதிரி வலியவனென்றால் உறுதியைப் பெட்டியிற் பூட்டுவோமா, கிழித்து அடுப்பிலிடுவோமா? மாந்தை மண்ணடுக்குகளே எமது உறுதி. அவற்றைக் குலைப்பவன், தமிழனாயினும், எதிரியின் வேலையைக் கூலியின்றிச் செய்பவனே.

குறை கருவியினதன்று. கண்ணிவெடி அகற்றுவோரும் அதனையே ஏந்துகின்றனர். எல்லை கட்டி, அங்குலம் அங்குலமாகக் கிளறி, கண்டதைப் பதிந்து, உயிர் காக்கின்றனர். போர் நடந்த மண்ணிலே கருவி ஒலித்த இடமெல்லாம் பொன்னென்று எண்ணித் தோண்டுவோன் தன் உயிரையும் பணயம் வைக்கின்றான்.

உழவர் பெருமக்களே! ஏர்முனையில் பானையோடோ காசோ தட்டினால் மேலும் தோண்டாதீர், கழுவாதீர், கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். எலும்பாயின் ஒன்றையும் அசைக்காது பொலிசாருக்கு அறிவித்து, நீதவானுக்கு எட்டச் செய்யுங்கள். கற்றவர்களே! கள்ளமாய் வந்த காசையும் சிலையையும் விலைக்கு வாங்கி வீட்டில் அழகு பார்க்காதீர். வாங்குவோனின்றேல் தோண்டுவோனில்லை. நகரசபையும் பிரதேச சபைகளும் தத்தம் பொதுநிலங்களில் அனுமதியற்ற அகழ்வைத் தடுத்தே ஆகவேண்டும்.

மண்ணுக்கு உரிமை கோருவோர் முதலில் அம்மண்ணுக்குக் காவலராய் நிற்கட்டும்!