பின் சீட்டிலும் பெல்ட்: கார்ப் பயணிகளின் பாதுகாப்பு குறித்த நிலைப்பாடு

காரின் பின் சீட்டில் அமர்பவரும் சீட் பெல்ட் அணிய வேண்டும் என்பது இந்தியாவில் ஏற்கெனவே சட்டம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138-ஆவது விதி, ஓட்டுநர், முன் சீட்டில் இருப்பவர், முன்னோக்கிய பின் சீட்டுகளில் இருப்பவர் ஆகிய எல்லோரும் வண்டி ஓடும்போது பெல்ட் அணிந்திருக்க வேண்டும் என்கிறது. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தச் சட்டத்தின் 194பி பிரிவு, மீறினால் 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. 14 வயது நிரம்பாத குழந்தையைப் பெல்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றாலும் அதே தொகைதான். இத்தனை இருந்தும், முன்னால் இருப்பவர் போலீஸுக்குப் பயந்தாவது பெல்டைப் போட்டுக்கொள்கிறார். பின்னால் இருப்பவரின் பெல்ட் யார் கையும் படாமல் தொங்குகிறது. பெல்ட் விஷயத்தில் முன் சீட், பின் சீட் என்ற வேறுபாடு முற்றாக ஒழிய வேண்டும் என்பதே இந்த அமைப்பின் நிலைப்பாடு.

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே, சூர்யா ஆற்றுப் பாலத்தில் நடந்த விபத்தில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். காரில் நால்வர் இருந்தனர். முன் சீட்டில் இருந்த இருவரும் காயங்களுடன் பிழைத்தார்கள். பின் சீட்டில் இருந்த இருவரும் உயிரிழந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை தெரிவித்தது. விலை உயர்ந்த, பாதுகாப்பு வசதிகள் நிறைந்த கார் அது. நாடு சில வாரங்கள் இதைப் பேசியது, பிறகு மறந்தது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, அதே ஆண்டில் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அவர்களில் 8,331 பேர் ஓட்டுநர்கள் அல்லர், உடன் பயணித்தவர்கள்.

பின் சீட் பத்திரமானது என்ற நம்பிக்கை, முன் சீட்டின் முதுகு தன்னைத் தாங்கிக்கொள்ளும் என்ற எண்ணத்தில் நிற்கிறது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி நின்றாலும், பெல்ட் இல்லாதவரின் உடல் அதே 50 கி.மீ. வேகத்தில் முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும். ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, கீழே விழுபவரின் வேகம் இது. வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. அந்த உடல் முன் சீட்டில் மோதும்போது, பெல்ட் அணிந்து முன்னால் அமர்ந்திருப்பவரும் நசுங்குகிறார். டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜப்பானிய விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து 2002-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு, பின்னால் இருப்பவர் பெல்ட் அணியாதபோது, பெல்ட் அணிந்த முன் சீட்டுக்காரர் இறக்கும் அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது என்று கண்டது. எனவே பின் சீட்டுப் பெல்ட்டை ஒருவரின் சொந்த விருப்பமாக இந்த அமைப்பு ஏற்கவில்லை. அம்மா பெல்ட் போடாமல் பின்னால் அமர்ந்தால், வண்டி ஓட்டும் மகனின் உயிரும் ஆபத்தில் இருக்கிறது.

ஏர்பேக் இருக்கிறதே என்ற பதிலும் அடிக்கடி வருகிறது. ஏர்பேக் என்பது பெல்ட்டுக்குத் துணையாக வடிவமைக்கப்பட்ட சாதனம். மோதிய பின் நொடியின் நூறில் சில பங்கு நேரத்துக்குள் அது வெடித்து விரிகிறது. பெல்ட் உடலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி வைத்தால்தான், விரிந்து முடிந்த பையின் மீது தலை சாய முடியும். இல்லையென்றால் விரிந்துகொண்டிருக்கும் பையே முகத்திலும் மார்பிலும் அறையும். பின் சீட்டுக்கு எதிரில் பெரும்பாலான கார்களில் ஏர்பேக்கே கிடையாது. ஆறு ஏர்பேக் கொண்ட கார்களிலும் பக்கவாட்டு மோதலில் தலையைக் காக்கும் திரை மட்டுமே பின்னால் இருப்பவருக்குக் கிடைக்கிறது. நேர் மோதலில் அவருக்கு இருப்பது பெல்ட் ஒன்றுதான். வோல்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் 1959-இல் உருவாக்கிய மூன்று முனைப் பெல்ட்டை, காப்புரிமை இருந்தும், மற்ற நிறுவனங்களும் பயன்படுத்த அந்த நிறுவனம் அனுமதித்தது. இத்தனை எளிதாக உயிர்காக்கும் சாதனம் மோட்டார் உலகில் வேறில்லை.

குழந்தைகள் விஷயத்தில் அமைப்பின் நிலைப்பாட்டில் விலக்கு எதுவும் இல்லை. மடியில் வைத்துக்கொண்டால் பத்திரம் என்பது பாசத்தில் பிறந்த நம்பிக்கை. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் பத்தில் ஒரு பங்கு நொடியில் நின்றால், 10 கிலோ குழந்தை தாயின் கைகளை ஏறத்தாழ 140 கிலோ எடையாக இழுக்கும். எந்தத் தாயாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. தன் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டுவது இன்னும் மோசம். பெரியவரின் முழு உடல் எடையும் குழந்தை மேல் அழுந்தும். கைக்குழந்தைக்குப் பின்னோக்கிப் பொருத்தும் சைல்டு சீட் வேண்டும். ஏர்பேக் இயங்கும் நிலையில் உள்ள முன் சீட்டில் அதை ஒருபோதும் வைக்கக் கூடாது. வளர்ந்த பிள்ளைக்கு, பெல்ட் கழுத்தில் உராயாமல் தோளிலும், வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பிலும் படியும் உயரம் வரும்வரை பூஸ்டர் சீட் தேவை. கர்ப்பிணிகளும் பெல்ட் அணிய வேண்டும்: கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், தொடையை ஒட்டி, மேல்பட்டை மார்புக்கு நடுவே. சைல்டு சீட்டின் விலை நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாததாக இருப்பதை அமைப்பு அறியும். அதன் மீதான வரியை அரசு நீக்க வேண்டும். மகப்பேறு மருத்துவமனைகள் அதை இரவல் தரும் ஏற்பாட்டைத் தொடங்க வேண்டும்.

தயாரிப்பாளர்களிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் என்ற கார்ப் பாதுகாப்புச் சோதனையில் கார் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிடப்பட்டு நட்சத்திரம் பெறுகிறது. வாங்குபவர் பாதுகாப்பைப் பற்றிக் கேட்கத் தொடங்கியது பெரிய மாற்றம். அமைப்பு அதை மனமார வரவேற்கிறது. ஆனால் இந்த முன்பக்க மோதலில் பெரியவர் பொம்மைகள் முன் சீட்டில்தான் அமர்கின்றன; பின்னால் சைல்டு சீட்டில் குழந்தைப் பொம்மைகள் இருக்கின்றன. பின் சீட்டில் அமரும் பெரியவருக்கு அந்த ஐந்து நட்சத்திரம் எதையும் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் என்ற காப்பீட்டுத் துறை ஆய்வு நிறுவனம், பின் சீட்டின் பாதுகாப்பு பின்தங்கிவிட்டதைக் கண்டு, 2022-இல் தன் மோதல் சோதனையில் பின் சீட்டிலும் ஒரு பொம்மையைச் சேர்த்தது. இந்தியச் சோதனையும் அவ்வாறே மாற வேண்டும். மோதலின் கணத்தில் பெல்ட்டை இறுக்கும் பிரீடென்ஷனர் பல மாடல்களில் முன் சீட்டோடு நின்றுவிடுகிறது. அது பின் சீட்டுக்கும் வர வேண்டும்.

இருக்கும் வசதியையும் கெடுக்கும் வழக்கங்கள் உண்டு. சீட் கவர் மாட்டும்போது பின் சீட்டின் பக்கிள் உள்ளே புதைந்துவிடுகிறது. புதுக் கார் வாங்கிய வாரத்திலேயே இது நடக்கிறது. கார் துணைப் பொருள் விற்பவர்கள் பக்கிளுக்குத் துளையில்லாத கவரை விற்கவே கூடாது. பெல்ட் போடாதபோது எழும் எச்சரிக்கை ஒலியை அடக்கும் போலிக் கொக்கிகளை விற்ற ஐந்து இணைய வணிகத் தளங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் உத்தரவிட்டதும், 13,118 விற்பனைப் பட்டியல்கள் நீக்கப்பட்டன. கடைவீதிகளிலும் அதே கண்டிப்பு வேண்டும்.

வாடகைக் கார்களில் சிக்கல் வேறுவிதமானது. பயணி பெல்ட் போடாவிட்டால் 194பி பிரிவின்படி அபராதம் ஓட்டுநருக்குத்தான். வாடகை கொடுப்பவரிடம் “பெல்ட் போடுங்க சார்” என்று அழுத்திச் சொல்ல அவரால் முடிவதில்லை. அன்றைய வருமானமும் அடுத்த சவாரியும் பயணியின் கையில் இருக்கின்றன. பெரியவர்களான பயணிகளின் அபராதம் அவர்களையே சேரும்படி சட்டம் திருத்தப்பட வேண்டும். பெல்ட் அணிய மறுப்பவரின் சவாரியை ரத்து செய்யும் ஓட்டுநருக்கு, கார் சேவை நிறுவனங்கள் எந்த நட்டமும் ஏற்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கோயில் சுற்றுலாவுக்கும் கல்யாணத்துக்கும் வண்டி எடுப்பவர்கள் சீட் எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றுவதும், பகல் முழுக்க ஓட்டியவரையே இரவிலும் ஓட்டச் சொல்வதும் நிற்க வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று வரையறுத்துவிட்டது. தூக்கம் சொக்கும் ஓட்டுநரின் பின்னால் பெல்ட் இல்லாமல் உறங்கும் குடும்பம்தான் நெடுஞ்சாலையில் பெரும் ஆபத்தில் இருக்கிறது.

2022-இல் நாட்டிலேயே அதிகமாக 64,105 சாலை விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. அவற்றில் 17,884 பேர் இறந்தார்கள். எனவே இங்கே பெல்ட் சோதனை கண்டிப்பாக நடக்க வேண்டும்: சுங்கச்சாவடிகளில் வண்டி நிற்கும் சில நொடிகளில் பின் சீட்டையும் பார்க்க முடியும். முதல் மூன்று மாதங்கள் எச்சரிக்கை, அதன்பின் விலக்கின்றி அபராதம் என்ற முறையை இந்த அமைப்பு பரிந்துரைக்கிறது. அரசு வாகனங்களும் அமைச்சர்களின் கார்களும் இந்தச் சோதனைக்கு உட்பட வேண்டும். அமைப்பின் ஊழியர்களும் தன்னார்வலர்களும் பணிக்காகச் செல்லும் எந்தக் காரும், எல்லா சீட்டிலும் பெல்ட் மாட்டப்பட்ட பிறகே புறப்படும். பெல்ட் இல்லாத சீட்டில் யாரும் ஏற்றப்பட மாட்டார்கள்.