ஃப்ரீ பீரியட்ல வீட்டுக்குப் போனா என்ன தப்பு?

இங்கிலாந்தில் 16 வயதில் ஜி.சி.எஸ்.இ. முடித்ததும் பலர் சேர்வது ‘சிக்ஸ்த் ஃபார்ம்’. நம்ம ஊர் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி இரண்டு வருஷம். ஏ-லெவலில் பெரும்பாலும் மூன்றே பாடங்கள் என்பதால் டைம்டேபிளில் காலி பீரியட் நிறைய. சண்டையே அங்கேதான்.

சில பள்ளிகள் அந்த நேரத்தில் வெளியே விடுகின்றன. சில பள்ளிகளோ ‘ஸ்டடி பீரியட்’ என்று பெயர் மாற்றி, நூலகத்தில் உட்காரவைத்து அட்டெண்டன்ஸும் எடுக்கின்றன.

காசும் ஒரு காரணம். 16, 17 வயது மாணவருக்கு முழு அரசு நிதி வாங்க, வருஷத்துக்கு 580 மணி நேரமாவது திட்டமிட்ட படிப்பு காட்டணும். 2022 வரை அது 540. வீட்டில் தானாகப் படிப்பது இந்தக் கணக்கில் வராது.

வகுப்புக்கு வரச் சொல்வது நியாயம், அதில் வாதமே இல்லை. ஆனால் முதல் வகுப்பே 11 மணிக்கு என்றால், எட்டரைக்கு பஸ் பிடித்து வந்து எதற்கு உட்காரணும்?

ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஒழுங்காக வகுப்புக்கு வந்தால் வாரம் 30 பவுண்டு வரை தந்த இ.எம்.ஏ. உதவித்தொகையை இங்கிலாந்து 2011-ல் நிறுத்திவிட்டது. பர்சரி வந்தாலும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. மதியம் சீக்கிரம் கிளம்பினால்தான் கடையில் ஒரு ஷிஃப்ட் பார்க்க முடியும், தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டிவர முடியும்.

நெரிசலான வீட்டுப் பிள்ளைக்கு அமைதி கிடைப்பது நூலகத்தில்தான், சரி. அதைத் திறந்து வைங்க. முதல் டெர்மில் அட்டெண்டன்ஸ்கூட எடுங்க. கொடுத்த வேலையை நேரத்துக்கு முடிப்பவர்களை கிறிஸ்துமஸ் லீவுக்கு அப்புறமாவது விட்டுடலாமே.