கத்தியைக் கீழே வையுங்கள்



வீட்டில் கொள்ளுத்தாத்தா காலத்துச் சட்டைப்பைக் கடிகாரம் ஒன்று கிடக்கிறது. அது ஓடவில்லை. உள்ளே பார்க்கலாம் என்றால் மூடி திறக்க மறுக்கிறது. உடனே நம் கை எதைத் தேடுகிறது? கத்தியை. கத்தி பலிக்காவிட்டால் திருப்புளியை; அதுவும் பலிக்காவிட்டால் குறட்டை. இந்தப் பழக்கத்தைக் கண்டிக்கவே இதை எழுதுகிறேன்.

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் வரலாற்றுப் பாடத்திற்காக அத்தகைய கடிகாரம் ஒன்றைப் பள்ளிக்குக் கொண்டு வந்தான். மலாயா இரயில்வேயில் பணியாற்றிய அவனுடைய கொள்ளுத்தாத்தாவின் உடைமை அது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வால்தம் நகரில் செய்யப்பட்டது. ஆசிரியர் அறையில் நண்பர் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், பழம் நறுக்கும் கத்தியை எடுத்துப் பின்புற விளிம்பில் வைத்து நெம்பினார். அசையவில்லை. சுற்றிச் சுற்றி நெம்பினார். கத்தி வழுக்கிய இடமெல்லாம் கீறல் விழுந்தது. நானும் பக்கத்தில் நின்றேன், தடுக்கவில்லை. பையன் ஒன்றும் சொல்லாமல் கடிகாரத்தை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டான்.

பின்னர் அதை நகரத்திலுள்ள முதிய கடிகாரப் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து ஒருமுறை சுற்றிப் பார்த்தார். இதற்குப் பின்மூடியே கிடையாது என்றார். முன்புறக் கண்ணாடி வளையத்தை உள்ளங்கையால் இடப்பக்கமாகத் திருகிக் கழற்றினார். சாவி கொடுக்கும் குமிழை மெல்ல வெளியே இழுத்தார். உள்ளிருந்த இயந்திரம் முழுவதும், கீலில் ஆடும் கதவைப் போல, முன்பக்கமாக வெளியே வந்தது. அவ்வளவுதான். இல்லாத மூடியைத் திறக்கவே நாங்கள் அரைமணி நேரம் போராடியிருக்கிறோம்!

என் வாதம் இதுதான். 'இறுகிவிட்டது' என்று நாம் முடிவு கட்டும் கடிகாரக் கூடுகளில் பல, இறுகியவையே அல்ல. அவை எவ்வகையைச் சேர்ந்தவை என்று நாம் பார்க்கவில்லை. வகைகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. கீல் வைத்த மூடி ஒன்று. விளிம்பில் நகம் நுழையும் சிறு உதடு இருக்கும், நகத்தாலேயே திறக்கலாம். அழுத்திப் பொருத்திய மூடி மற்றொன்று. அதற்கும் உதடு உண்டு, கீல் மட்டும் இராது. மூன்றாவது, மரையிட்ட மூடி. கீலும் இல்லை, உதடும் இல்லை, சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு மட்டுமே தெரியும். இதனை நெம்பினால் மரைதான் கெடும். நான்காவது, நாங்கள் பாழாக்கிய வகை. பின்புறத்தில் அந்தக் கோடுகூட இராது. முகப்பையும் மூடும் கடிகாரமானால் குமிழை அழுத்தினாலே முன்மூடி திறந்துகொள்ளும். நல்ல வெளிச்சமும் ஓர் உருப்பெருக்கியும் இருந்தால் இத்தனையும் இரண்டு நிமிட வேலை.

மெய்யாகவே இறுகிப் போனவையும் உண்டு. பல்லாண்டு வியர்வையும் அழுக்கும் களிம்பும் மரைக்குள் உறைந்திருக்கும். அப்போதும் கத்திக்கு வேலை இல்லை. விரல்களால் இறுக்கிப் பிடித்தால் மெல்லிய மூடி வட்டம் மாறி நெளியும். மரை இன்னும் கடிக்கும். பாத்திரம் கழுவும் இரப்பர் கையுறையை அணிந்து, உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, இடப்பக்கமாகச் சீராகத் திருப்ப வேண்டும். முதல் முயற்சியில் வராவிட்டால் ஓய்வு கொடுத்து மீண்டும் முயலலாம். பிறகும் வராவிட்டால், தொழில் தெரிந்தவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

"எண்ணெய் விடலாமே, சூடு காட்டலாமே" என்பார்கள். துருநீக்கி எண்ணெய் மூடியோடு நிற்பதில்லை. இடுக்கு வழியே உள்ளே ஊர்ந்து செல்லும். மயிரிழை போன்ற சுருள்வில்லில் அது பட்டால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடிகாரம் தாறுமாறாக விரைந்து ஓடும். சூடோ அதனினும் கேடு. உள்ளே சின்னஞ்சிறு கற்களைப் பிடித்து வைத்திருப்பது அரக்கு. ஆம், நாம் அறிந்த அதே அரக்கு! சூட்டில் அது இளகும், சாராயத்தில் கரையும்.

"ஓடாத கடிகாரம்தானே, இனிக் கெட என்ன இருக்கிறது?" என்பது அடுத்த வாதம். நிரம்ப இருக்கிறது. அக்காலத்துக் கூடுகள் பல முழுத் தங்கமல்ல. பித்தளையின் இருபுறமும் மெல்லிய தங்கத் தகடு பொருத்தியவை. 1859-இல் ஜேம்ஸ் பாஸ் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். கத்தி அத்தகட்டைக் கீறிப் பித்தளையைக் காட்டிவிட்டால், எவ்வளவு மெருகேற்றினாலும் தங்கம் திரும்பாது. கூட்டை முறுக்கினால் எனாமல் முகப்பிலும் விரிசல் ஓடும். நின்ற கடிகாரத்தை ஓடவைக்கப் பெரும்பாலும் வழி உண்டு. அந்த விரிசலை மறையச் செய்ய வழியில்லை.

பெற்றோர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. இருட்டில் ஒளிரும் எண்களும் முட்களும் கொண்ட பழைய கடிகாரங்களை வீட்டில் திறக்கவே வேண்டாம். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அவற்றுக்கு ரேடியம் கலந்த சாயம் பூசினார்கள். ஒளி மங்கினாலும் ரேடியம் மங்குவதில்லை. பாதியாகக் குறையவே அதற்கு ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் வேண்டும். உதிரும் தூள் பிள்ளைகளின் மூச்சில் போகலாகாது.

பதறாத காரியம் சிதறாது என்று வகுப்பறையில் பலமுறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று ஆசிரியர் அறையில் அந்தப் பையன் கண்டது வேறு பாடம். தெரியாத பொருள் கைக்கு வந்தால் முதலில் நெம்பு, பிறகு கேள் என்று இரண்டு ஆசிரியர்கள் அவனுக்குச் செய்து காட்டினோம். அவனிடமும் அவன் தாயாரிடமும் நான் மன்னிப்புக் கேட்டேன். கடிகாரம் இப்போது ஓடுகிறது. கீறல்கள் அப்படியே இருக்கின்றன.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கடிகாரம் இருந்தால், பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்தி, முதலில் விளிம்பைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கீல் எங்கே, உதடு எங்கே, கோடு எங்கே என்று அவனே கண்டுபிடிக்கட்டும்.