எழுத்துக்கும் ஒரே மரை வேண்டும்

ஓசூர் சிப்காட்டில் பத்து மில்லிமீட்டர் போல்ட்டை எந்தக் கடையில் வாங்கினாலும் வேறு கடையின் நட்டு அதில் ஏறும். சாதாரண மரையின் இடைவெளி 1.5 மில்லிமீட்டர் என்று உலகமே ஒப்புக்கொண்டிருக்கிறது. போல்ட் செய்தவரிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை.

தமிழெழுத்துக்கு இந்த ஒழுங்கு இன்னும் முழுதாக வாய்க்கவில்லை. இம்மலருக்கு நாம் கைப்பேசியில் தட்டி அனுப்பும் கட்டுரைகள் யூனிகோடில் உள்ளவை. அச்சுக்கோக்கும் இடத்திலோ பழைய பேஜ்மேக்கர். அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2001-இல். யூனிகோடுத் தமிழ் அதற்குப் புரியாது. எனவே பழைய எழுத்துருவுக்கு மாற்றுகிறார்கள். அங்கே 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று கண்ணால் காணும் வரிசையில் நிற்கும். யூனிகோடிலோ க முதலில், ஒகரக் குறி பின்னால். மாற்றும்போது கொம்பு இடம் தவறுகிறது. சென்ற ஆண்டு என் கவிதையில் கொன்றை மலர் 'கான்றை' ஆனது இப்படித்தான்!

யாரையும் பழிக்க இதை எழுதவில்லை. கணினி தமிழறியாத நாளில் எழுத்துரு செய்து தந்தவர்கள் ஆற்றியது பேருதவி. ஆனால் ஆளுக்கொரு குறியீடு வைத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்இணையம் மாநாடு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியீடுகளையும் பரிந்துரைத்தது. யூனிகோடில் 1991 முதலே தமிழ் உண்டு. (உயிர்மெய்களுக்குத் தனியிடம் தரவில்லை என்ற மனக்குறை நியாயமானதே.) 2010-இல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றது. அத்திப்பள்ளிக்கு அப்பாலும் பழைய நுடி எழுத்துருவால் கன்னடத்துக்கு இதே பாடு. இரு மொழியும் தட்டும் நம்மூர்க் கடைக்காரருக்கு இரட்டைத் தொல்லை.

மலர்க் குழுவினர் அச்சகத்தாரிடம் இரண்டு கேட்க வேண்டும். ஒன்று, யூனிகோடிலேயே கோக்க வேண்டும். விலையில்லா ஸ்கிரைபஸ் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். பல்லாண்டுக் கைப்பழக்கத்தை மாற்றுவது எளிதன்று என்பர். உண்மைதான், அதற்குக் கூலி கூட்டிக் கேட்டால் கொடுப்போம். மற்றொன்று, அச்சானபின் கோப்பை நூலகத்துக்குத் தர வேண்டும். பழைய மலரின் கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையே தெரிகிறது. ஒரு பெயரைக்கூடத் தேட முடியவில்லை.

அடுத்த மலருக்கு ஒரு பக்கத்திலேனும் முயன்று பார்க்கட்டும். அதற்கு என் கவிதையையே தருகிறேன். அதில் நான்கு இடத்தில் 'கொ' வருகிறது.