கவனமின்மைக்கு விலை உண்டா?

கவனமின்மை குற்றமன்று, அது போட்டியின் இயல்பு எனும் வாதம் பந்தயத் திடல்களிலே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. வண்டிக் குதிரைப் பந்தயம் ஒரு தொழிற்றுறையாகவே வளர்ந்துள்ள நியூசிலாந்தின் விதிகள் இவ்வாதத்தை ஏற்கவில்லை. ஆயினும் அவ்விதிகளின் கீழ் அளிக்கப்படும் தண்டனைகளை நோக்குமிடத்து, வாசலிலே தடுக்கப்பட்ட வாதம் கோடிப்புறத்தால் உள்ளே வந்துவிட்டதெனவே கொள்ள வேண்டியுள்ளது.

இப்பந்தயத்திலே சாரதி குதிரையின் முதுகில் ஏறுவதில்லை. சல்கி எனப்படும் இரு சில்லு வண்டியிலே, குதிரையின் பின்புறத்தை ஒட்டினாற்போல், கால்களை முன்னே நீட்டியவாறு அமர்கின்றார். குதிரை நாலுகாற் பாய்ச்சலில் ஓடலாகாது. குறித்த நடையிலேயே விரைய வேண்டும். நடை குலையின் அதனை இழுத்தடக்கி மீண்டும் நடைக்குக் கொண்டுவருதல் சாரதியின் கடமை. அதற்குள் பந்தயம் கைநழுவிவிடும். யாழ்ப்பாணத்துச் சவாரித் திடல்களிலே மாட்டுவண்டிகள் விரைந்தோடக் கண்டோர் இதன் அபாயத்தை ஓரளவு உணர்வர். பத்துக்கு மேற்பட்ட குதிரைகள் வளைந்த பாதையிலே உள்வரிசையை நாடி நெருக்கும்பொழுது, முன்செல்பவர் ஒரு கணம் முந்தி உள்ளே திரும்பினாற் போதும். அவருடைய சில்லு பின்வரும் குதிரையின் முன்னங்கால்களிற் படும். அக்குதிரை விழுமாயின் அதற்குப் பின்னால் வருவோருக்கு விலக இடமேது?

கவனமின்றி ஓட்டுதலையும் அபாயத்தைப் பொருட்படுத்தாது துணிந்து ஓட்டுதலையும் நியூசிலாந்து விதிகள் வெவ்வேறு குற்றங்களாக வகுத்துள்ளன. முன்னையதற்குத் தீய எண்ணம் வேண்டியதில்லை. தேர்ந்த சாரதி காட்டவேண்டிய கவனம் காட்டப்படவில்லை என்பதே போதும். 2020 ஆம் ஆண்டின் பந்தயத்துறைச் சட்டத்தின் வழி அமைந்து, 2021 யூலை 1 முதல் இயங்கிவரும் பந்தய நேர்மைச் சபை, தீர்ப்புகளைக் காரணங்களுடன் வெளியிட்டும் வருகின்றது. இது பாராட்டத்தக்கதே. ஆனால் இக்குற்றத்துக்கு இடைநிறுத்தமும் தண்டப்பணமும் ஒன்றுக்கொன்று மாற்றாக வைக்கப்பட்டுள்ளமைதான் குறை. சாரதிக்குப் பரிசுத் தொகையிலே பங்குண்டு. தண்டப்பணத்திலும் அப்பங்கு பெரிதாயின், செலுத்தப்படுவது தண்டமன்று, ஒருவகைத் தீர்வை. இடைநிறுத்தப்பட்டவரும், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஓட்டங்களை முடிப்பதற்கெனச் சில நாள் தவணை பெறலாம். இடறிய குதிரைக்கு அத்தகைய தவணையை எவர் கொடுத்தனர்?

சாரதிகளின் பிழைப்பைக் கருதவேண்டும் என்பர் சிலர். ஆண்டொன்றுக்கு நூற்றுக்கணக்கான ஓட்டங்களிலே ஒன்றிற் பிழைத்தவரைப் பலநாள் விலக்குதல் கொடுமை என்பது அவர்தம் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. அடிக்கடி ஓட்டுபவர் அடிக்கடி தவறவும் கூடும். ஆதலால் நன்னடத்தையைக் கணக்கிலெடுத்து இடைநிறுத்தத்தின் நாட்களைக் குறைப்பது நியாயமே. எனினும், நாட்களைக் குறைத்தல் வேறு, பணமாக மாற்றுதல் வேறு. பிழைப்பென்பது தவறிழைத்த சாரதிக்கு மட்டும் உரியதா? ஒன்றிரண்டு குதிரைகளையே வைத்துப் பராமரிக்கும் சிறு உரிமையாளரும், விழுந்து எலும்பு முறிந்த சாரதியும் எதைக்கொண்டு பிழைப்பர்?

இவ்விடத்திலே பழைய கிரேக்கரின் தேரோட்டமொன்றை நினைவுகூர்தல் பொருந்தும். ஹோமரின் இலியட் காவியத்து இருபத்துமூன்றாம் பகுதியில், பற்றொக்குளசின் ஈமப் போட்டிகளிலே, நீர் அரித்த இடுக்கமான வழியில் அந்திலோக்கசு தன் தேரை ஓரமாகச் செலுத்தி மெனெலாயசை நெருக்குகின்றான். மோதலை அஞ்சிய மெனெலாயசு குதிரைகளைத் தளர்த்தி வழிவிட, இரண்டாம் பரிசாகிய பெண்குதிரை அந்திலோக்கசுக்குச் செல்கின்றது. மெனெலாயசு கேட்டது பணமன்று. குதிரைகளின் முன் நின்று, சவுக்கைக் கையிலேந்தி, அவற்றைத் தொட்டு, வேண்டுமென்று வஞ்சனையால் தன் தேரை மறிக்கவில்லை எனப் பொசைடன் மேல் ஆணையிடுமாறு கேட்கின்றான். இளைஞன் ஆணையிடவில்லை, பரிசுக் குதிரையையே கொடுக்க முன்வருகின்றான். மனமிளகிய மெனெலாயசு அதனைத் திருப்பிக் கொடுத்தது அவனது பெருந்தன்மை. அந்திலோக்கசின் செயல் சூழ்ச்சியேயன்றிக் கவனமின்மையன்று என மறுக்கலாம். உண்மையே. ஆயினும் கவனிக்கற்பாலது யாதெனில், தவறான ஓட்டத்தாற் பெற்ற பயனை அவன் முதலிற் கைவிட முன்வந்தான். மன்னிப்பு அதன் பின்னரே வந்தது. இன்றைய முறையிலோ பயனில் ஒரு சிறுபகுதியைச் செலுத்தி எஞ்சியதை வைத்துக்கொள்ள இடமுண்டு.

ஆகவே கவனமின்றி ஓட்டிய குற்றத்துக்குத் தண்டப்பணம் மாற்றாக நிற்றல் ஒழிக்கப்பட வேண்டும். எவரும் விழவில்லை என்பதும் காரணமாகாது. அதே தவறு ஒருநாள் ஊறின்றிக் கழியும், மறுநாள் மூன்று வண்டிகளைக் கவிழ்க்கும். இரண்டிற்கும் இடையிலுள்ளது அதிர்ஷ்டமேயன்றிச் சாரதியின் திறமையன்று. ஊறு நேராவிடத்து இடைநிறுத்தம் ஒரு நாளாயினும் அமைக, ஆனால் இடைநிறுத்தமாகவே அமைக. அதுவும் தவணையின்றி மறுநாளே தொடங்குக. இடையூறு செய்த குதிரையை இடையூறு பட்டதற்குப் பின்னே தள்ளும் அதிகாரம் நடுவர்களிடம் ஏற்கெனவே உள்ளது. அதனைத் தயங்காது கையாள்க. அவ்வாறு தள்ளப்பட்ட குதிரையின் பரிசுப் பங்கிலே சாரதிக்கு ஏற்படும் இழப்பைக் காட்டி, இடைநிறுத்தத்தைக் குறைக்குமாறு கேட்கவும் இடமளிக்கலாகாது.