கம்ப்யூட்டர் பழசுதான்... டிஸ்க்கை மட்டும் மாற்றுங்கள்!

“ஆன் பண்ணிட்டுப் போய் பால் காய்ச்சி, காபி போட்டுக் குடிச்சிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு!”

ஏழெட்டு வருடப் பழைய டெஸ்க்டாப் இருக்கும் வீடுகளில் இந்தப் புலம்பலைக் கேட்கலாம். புது கம்ப்யூட்டர் வாங்கத்தான் வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி போட்டாலே போதும்.

ஹார்டு டிஸ்க்குக்குள் வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கின்றன. ஒரு சுற்றுக்கு 8 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். கேட்ட ஃபைல் இருக்கும் இடத்துக்கு ஒரு முனை நகர்ந்து போய்ப் படிக்க வேண்டும். விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடுவதால், இந்தக் காத்திருப்பெல்லாம் சேர்ந்துதான் உங்கள் காபி நேரம் ஆகிறது. எஸ்.எஸ்.டி-யில் சுழலும் பாகமே கிடையாது. எல்லாம் சிப்தான். கேட்டதும் கிடைக்கும்.

சரி, பழைய டிஸ்க் 1 டி.பி. வாங்கப்போகும் எஸ்.எஸ்.டி-யோ 240 ஜி.பி. குடத்துத் தண்ணீர் சொம்பில் அடங்குமா?

அடங்கும். நம் ஊர் கடைகளில் பெரும்பாலும் டிஸ்க்கை சி, டி, இ என்று பிரித்துத்தான் தருவார்கள். விண்டோஸும் சாஃப்ட்வேர்களும் இருக்கும் சி டிரைவை மட்டும் எஸ்.எஸ்.டி-க்குக் கொண்டுபோனால் போதும். போட்டோ, வீடியோ, பாட்டு எல்லாம் பழைய டிஸ்க்கிலேயே இருக்கட்டும். அதையும் அதே கேபினட்டில் வைத்துக்கொள்ளலாம்.

240 ஜி.பி என்று வாங்கியது விண்டோஸில் 223 என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, கணக்கிடும் முறை வேறு. அதிலும் ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருப்பது நல்லது. எனவே, சி டிரைவில் நிரம்பியிருப்பது 180 ஜி.பி-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அதிகமென்றால் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களைத் திறந்து பாருங்கள். மூன்றும் சி டிரைவில்தான் இருக்கும். பெரிய வீடியோக்களை டி-க்கு மாற்றுங்கள்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. முக்கியமான போட்டோ, ஆவணங்களை வெளி டிஸ்க் ஒன்றில் காப்பி எடுங்கள். நாலைந்தைத் திறந்தும் பார்த்துவிடுங்கள்.

2. கரன்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு கேபினட்டைத் திறங்கள். எஸ்.எஸ்.டி-யை இணைக்க ஒரு சாட்டா கேபிள் வேண்டும். பல எஸ்.எஸ்.டி பெட்டிகளில் அது இருக்காது, தனியாகக் கேட்டு வாங்குங்கள். எஸ்.எஸ்.டி அளவில் சிறியது. அதை உட்காரவைக்க ஒரு பிராக்கெட் இருந்தால் வசதி.

3. க்ளோனிங் சாஃப்ட்வேரில் சி டிரைவையும், விண்டோஸ் கிளம்பத் தேவையான சின்ன பார்ட்டிஷனையும் டிக் செய்யுங்கள். சின்னதுதானே என்று அதை விட்டுவிட்டால் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. சி பார்ட்டிஷனே எஸ்.எஸ்.டி-யைவிடப் பெரியதாக இருந்தால், முதலில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதைச் சுருக்குங்கள். எதிலிருந்து எதற்கு காப்பி ஆகிறது என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு ஓகே கொடுங்கள். இங்கே இடம் மாறினால், காலி டிஸ்க் உங்கள் டேட்டாவின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

4. முடிந்ததும் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, எஸ்.எஸ்.டி-யை மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். இரண்டும் இணைந்திருந்தால், பழைய டிஸ்க்கிலிருந்தே கம்ப்யூட்டர் கிளம்பலாம். நாம் எஸ்.எஸ்.டி-யில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ‘பழையதை’ அழிக்கப்போவோம்!

5. நன்றாக ஓடினால் பழையதை மறுபடி இணைத்து, பயாஸ் செட்டிங்கில் எஸ்.எஸ்.டி-யை முதல் டிரைவாக வையுங்கள்.

இதைக் கடையில் கொடுத்தே செய்யலாம், தவறில்லை. ஆனால் பழைய டிஸ்க்கை வீட்டுக்கு எடுத்துவாருங்கள். தோழி ஒருத்தி எஸ்.எஸ்.டி போடக் கொடுத்தாள். “பழசு வேணுமா மேடம்?” என்று கேட்டிருக்கிறார்கள். மெதுவாக ஓடிய சனியன்தானே என்று “வேண்டாம்” சொல்லிவிட்டாள். இரண்டு நாள் கழித்துத்தான் இ டிரைவ் நினைவுக்கு வந்தது. மகளின் முதல் பிறந்தநாள், மறைந்த மாமியாரின் கடைசிப் பொங்கல் எல்லாம் அதில். ஓடிப்போய்க் கேட்டபோது டிஸ்க்கை ஃபார்மேட் செய்து வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு விற்றிருந்தார்கள். கடைக்காரர் மீது கோபப்பட முடியவில்லை. அவர் கேட்டுவிட்டுத்தானே செய்தார்!

படங்கள் போனதோடு முடியாது. ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், சேமித்த பாஸ்வேர்டு என வீட்டு ரகசியம் முழுக்க அந்த டிஸ்க்கில் இருக்கும். எனவே, ஒரு மாதமாவது பழைய சி டிரைவை அழிக்காமல் வையுங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அதுதான் கைகொடுக்கும்.

இன்னொன்று, எஸ்.எஸ்.டி வேகம் தரும், காவல் தராது. அதில் அழிந்த ஃபைலை மீட்பது ஹார்டு டிஸ்க்கைவிடக் கடினம். பழைய ஹார்டு டிஸ்க்கும் என்றாவது நின்றுபோகும். வீட்டுப் போட்டோக்கள் எப்போதும் இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன், டி, இ டிரைவ்களை ஒருமுறை திறந்து பாருங்கள். மறந்தே போன ஏதோ ஒரு ஆல்பம் அங்கே காத்திருக்கும்.