தராசுக்கு முத்திரை உண்டு, கடிகாரத்துக்கு?

பஜாரில் தக்காளி விற்கிறவரின் தராசுக்குக்கூட அரசு முத்திரை வேண்டும். முத்திரை இல்லாத படிக்கல்லைத் தொழிலாளர் துறை ஆய்வாளர் பார்த்தால் அபராதம் போடுவார். நியாயம்தான். ஆனால் நம் மனுவின் மேல் தேதியும் நேரமும் அச்சடித்துத் தருகிற கவுன்டர் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை யார் சோதிக்கிறார்கள்?

ஓர் அலுவலகத்தில் கடைசி நாளன்று மனு கொடுக்கப் போனேன். மாலை ஐந்து மணி வரை கெடு. என் செல்போனில் 4.54. கவுன்டரில் 5.02. "டைம் முடிஞ்சுபோச்சு சார், சிஸ்டத்துல பாருங்க" என்றார் அங்கே இருந்த பையன். போனைக் காட்டினேன். "உங்க போனைப் பார்த்து நான் என்ட்ரி போட முடியுமா சார்?" என்றார். அவர் மேல் தப்பில்லை. எந்திரம் காட்டுகிற நேரம்தான் பதிவாகும். மறுநாள் 'தாமத மனு' என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

எட்டு நிமிஷம் ஒரு பெரிய விஷயமா என்று நம் ஊரில் யாரும் கேட்கக் கூடாது. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய ரயில் பாதையில் வளர்ந்த ஊர் இது. அந்தக் காலத்தில் நுங்கம்பாக்கம் வானாய்வகம் கணித்த மெட்ராஸ் நேரத்தை வைத்துத்தான் ரயில்கள் ஓடின. 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் வந்தது. தினமும் 16.00 மணிக்கு நிலையங்களுக்குச் சரியான நேரம் அறிவிக்க வேண்டும் என்பது ரயில்வேயின் பொது விதி. ரயில்வேயில் இருந்த நம்மில் பலருக்கு இது தெரியும். எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் தன் கைக்கடிகாரத்தை மட்டும் நம்பி வண்டியை விட்டதில்லை.

கம்ப்யூட்டருக்கும் அதே ஏற்பாடு உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் 1985-ல் வகுத்த என்டிபி என்ற முறை அது. நம் கம்ப்யூட்டர் நேர சர்வரிடம் மணி கேட்கும். கேள்வி போய்ப் பதில் வர ஆன நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு தன்னைத் திருத்திக்கொள்ளும். இது இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற குவார்ட்ஸ் கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே போகும். உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டால் தேதியே பல வருஷம் பின்னால் போய்விடும். அப்போது பேங்க் இணையதளம்கூடத் திறக்காது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. விண்டோஸில் கீழே வலது மூலையில் மணி காட்டும் இடத்தில் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, தேதி, நேர அமைப்புக்குப் போங்கள். நேரத்தைத் தானாக அமைக்கும் சுவிட்சைப் போடுங்கள். நேர மண்டலத்தில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். 'சிங்க் நவ்' என்பதை அழுத்துங்கள். இரண்டு நிமிஷ வேலை, செலவு ஒரு பைசா இல்லை.

சட்டமும் இல்லாமலில்லை. அரசு நிறுவனங்கள் தங்கள் கம்ப்யூட்டர்களை தேசியத் தகவலியல் மையத்தின் நேர சர்வரோடோ, டெல்லியில் அணுக்கடிகாரங்கள் வைத்திருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வரோடோ இணைக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் உத்தரவிட்டது. இந்த இரண்டோடு ஒத்துப்போகிற வேறு சர்வரும் ஆகும். இந்திய நேரத்தையே எடையளவுச் சட்டத்தின் கீழ் கொண்டுவர மத்திய நுகர்வோர் துறை 2025 ஜனவரியில் வரைவு விதிகள் வெளியிட்டுக் கருத்தும் கேட்டது. நேரமும் ஓர் அளவைதான் என்பதை அரசே ஒப்புக்கொண்ட பிறகு, சோதிக்க மட்டும் ஏன் ஆளில்லை?

"நெட் அடிக்கடி கட்டாகிறது" என்பார்கள். கட்டானால் உள் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், நெட் வந்ததும் திருத்திக்கொள்ளும். "பாதுகாப்புக்காக வெளித்தொடர்பு கிடையாது" என்பார்கள். அலுவலகத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் வெளியே நேரம் வாங்கி மற்றவற்றுக்குக் கொடுத்தால் போதும். "எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே" என்பார்கள். போனில் சரியான மணி இருந்து என்ன பயன்? ரசீது போனிலிருந்து வருவதில்லையே!

தராசில் முத்திரையைப் பார்க்கிற மாதிரி, கடைசியாக எந்தத் தேதியில் நேரம் சரிபார்த்தார்கள் என்று ஒவ்வொரு கவுன்டரிலும் ஒரு சீட்டு ஒட்டச் சொல்லுங்கள். கெடு நாளில் மனுவோடு போகிற நண்பர்கள், ரசீது வாங்கியதும் அதில் விழுந்திருக்கிற நேரத்தை அங்கேயே போனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அதை எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.